முதலில் ஒரு குளம், படிவம் பிறகு

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். கிளிநொச்சியில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் இணைப்பாளராக இருக்கிறேன். மாசியில் இருந்து ஒன்பது இளம் பட்டதாரிகள் எங்களோடு சேருகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள். குளப் புனரமைப்பு, சூரியசக்தி நீர்ப்பம்பி, மரநடுகை, குடிநீர் என்று 'நிலைபேறான அபிவிருத்தி' என்ற பெயரில் நடக்கிற திட்டங்களையும் கொள்கைகளையும் மதிப்பீடு செய்ய அவர்களை மூன்று மாதத்தில் பழக்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. போன முறை வந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எந்தத் திட்டத்துக்குப் போய்வந்தாலும் 'பயனாளிகளில் பெரும்பாலானோர் திருப்தி தெரிவித்தனர்' என்ற ஒரே வசனத்தைத்தான் எழுதித் தந்தார்கள். சனமும் கேள்விகளால் களைத்துப் போயிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? பயிற்சிக்குப் பணம் தருகிற அமைப்பின் திட்டத்தையே மதிப்பிட வேண்டி வந்தால் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் அந்த ஒரே வசனத்தைக் கண்டதும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் இந்த வேலைக்கு வந்த நானும் என் முதல் அறிக்கைகளில் அதையேதான் எழுதினேன், யாரும் பிழை என்று சொல்லவில்லை, பணமும் வந்தது. அதனால் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாங்கள் கையில் கொடுத்த படிவம்தான் அந்த வசனத்தை எழுத வைக்கிறது. 'இந்தத் திட்டத்தில் நீங்கள் எவ்வளவு திருப்தி?' என்று வீட்டு முற்றத்தில் வைத்துக் கேட்டால், அடுத்த உதவிப் பட்டியலில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு தாய் வேறென்ன சொல்லுவார்?

ஆகவே என் முதல் ஆலோசனை, முதல் இரண்டு கிழமைக்குப் படிவத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மண்டபத்தில் இருத்தி ஸ்லைடு போட்டு ஆறு அளவுகோல் படிப்பிக்கவும் வேண்டாம். அந்த அளவுகோல்கள் தேவைதான். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஈசிடியின் அபிவிருத்தி உதவிக் குழு 1991இல் பொருத்தப்பாடு, விளைதிறன் (நினைத்தது நடந்ததா), வினைத்திறன் (செலவுக்கு ஏற்றதா), தாக்கம், நிலைபேறு என்று ஐந்தைச் சொன்னது, 2019இல் ஒத்திசைவு (மற்றத் திட்டங்களோடு ஒத்துப்போகிறதா) என்று ஆறாவதைச் சேர்த்தது, இன்றைக்கு உலகம் முழுக்க மதிப்பீட்டாளர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ஆனால் கண்ணால் ஒன்றையும் பார்க்காத பிள்ளைக்கு அந்த ஆறும் ஆறு தலைப்புத்தான், தலைப்புக்குக் கீழே நாலு வரி நிரப்பி விட்டு வந்துவிடும். மூன்றாவது கிழமை சொல்லிக் கொடுங்கள், அப்போது அவர்களே 'ஓ, நாங்கள் பார்த்தது இதைத்தானா' என்பார்கள்.

முதலில் ஒரு குளத்துக்குக் கூட்டிப் போங்கள். பெரிய குளம் வேண்டாம். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல் பாய்கிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழே வருகின்றன, அதற்கு மேலே போனால் மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். இந்த வித்தியாசத்தையே பிள்ளைகள் முதல் நாள் கண்டுபிடிக்கட்டும், ஏனென்றால் உடைந்தால் யார் திருத்துவது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் தொடங்குகிறது. கடந்த ஐந்தாறு வருசத்துக்குள் புனரமைத்த ஒரு சின்னக் குளமாகப் பார்த்து, அணைக்கட்டின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஒன்பது பேரும் நடக்கட்டும். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற மதகான துருசைத் திறந்து மூடிப் பார்க்கட்டும். குளம் நிரம்பினால் தண்ணீர் வழிகிற வான் எந்தப் பக்கம் பாய்கிறது, பாய்கிற தண்ணீர் யாருடைய காணிக்குள் போகிறது என்று பார்க்கட்டும். பிறகு வாய்க்காலோடு நடந்து கடைசி வயல் வரை போகட்டும். கடைசி வயல்காரரிடம் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, வரம்பைப் பார்த்தாலே தெரியும். மாசி என்றால் மாரி மழையோடு விதைத்த காலபோக அறுவடை நடந்துகொண்டிருக்கும், மெசின் நிற்கும், ஆட்கள் வயலில் இருப்பார்கள், கதைக்க நல்ல நேரம்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. குளத்து நீர் ஏறி இறங்குகிற கரையான அலைகரைப் பக்கம் போகச் சொல்லுங்கள். நான் ஒரு தடவை அப்படிப்பட்ட ஒரு குளத்தை மதிப்பிட்டேன். கமக்கார அமைப்பின் தலைவர், செயலாளர், வயல்காரர்கள் எல்லோரையும் கண்டாயிற்று, எல்லோருக்கும் சந்தோசம், அணைக்கட்டை உயர்த்தியதால் கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது. திரும்பி வரும்போது பின்னேரம், குளத்தின் மற்றக் கரையில் ஒரு வயதான ஐயா பட்டி மாடுகளோடு நின்றார். சும்மா கதை கொடுத்தேன். அவர் தடியால் தண்ணீரைக் காட்டி, "பிள்ளை, அந்தா அந்த மருதமரம் நிக்குதே, அதுவரைக்கும் எங்கட மாடு மேஞ்ச இடம். இப்ப எட்டு மாசம் தண்ணிக்குள்ள கிடக்கு. எங்களிட்ட ஆர் கேட்டவை?" என்றார். உண்மையில் யாரும் கேட்கவில்லை. அவர் பயனாளிப் பட்டியலில் இல்லை, நான் கதைக்கத் தெரிந்தெடுத்த ஆட்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள்தான். மேய்ச்சல் தரை இல்லாத பிரச்சினை வன்னியில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும், காலபோகம் விதைத்தால் மாட்டை எங்கே கொண்டு போய்க் கட்டுவது என்று ஒவ்வொரு வருசமும் சண்டை. அந்த ஐயாவை அன்றைக்குத் தற்செயலாகக் காணாமல் விட்டிருந்தால் என் அறிக்கையில் மாடே இருந்திருக்காது. அன்றிலிருந்து எந்தக் குழுவைப் பழக்கினாலும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஐந்து பேருக்கும் பட்டியலில் இல்லாத இரண்டு பேரைக் கண்டு வர வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது 'முன்பு' என்ற விசயம். இதை எங்கள் மண்ணில் பயிற்றுவிப்பவர்கள் தனியாக ஒரு நாள் ஒதுக்கிச் சொல்லித்தான் ஆக வேண்டும், வெளியூர்ப் பாடத்திட்டத்தில் இது வராது. ஒரு திட்டத்தின் பலனைச் சொல்ல முன்னும் பின்னும் ஒப்பிடுவார்கள். வன்னியில் நடந்த பல திட்டங்களின் 'முன்பு' 2010, 2011. அந்த நேரம் என்ன இருந்தது? வீடு இல்லை, கூரைத்தகடு மட்டும். கிணறு இடிந்து கிடந்தது. மாடு இல்லை. மிதிவெடி அகற்றாத வயல். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் முழுதாக மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில்தான். அப்படிப்பட்ட பூச்சியத்தில் இருந்து அளந்தால் எந்தத் திட்டமும் வெற்றிதான். ஆட்கள் திரும்பி வந்து தாங்களாகவே கிணறு இறைத்து, கச்சான் போட்டு, கூலிக்குப் போய், வெளிநாட்டில் உள்ள சகோதரத்திடம் வாங்கி எழும்பியதையும் சேர்த்துத் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். நான் வாசித்த எத்தனையோ அறிக்கைகளில் இந்தப் பிழையைக் கண்டிருக்கிறேன், அது அந்தச் சனத்தின் உழைப்புக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதனால் 'முன்பு எப்படி?' என்று கேட்டு முடிந்ததும் 'இந்தத் திட்டம் வராவிட்டால் இன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?' என்று கேட்கப் பழக்குங்கள். இது கற்பனைக் கேள்வி மாதிரித் தெரியும், ஆனால் தேடினால் பதில் கிடைக்கும். பக்கத்துக் கிராமத்தில் அதே அளவான, இன்னும் புனரமைக்காத குளம் ஒன்று இருக்கும். அதையும் போய்ப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு உடனே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடவும் கூடாது. ஏன் இந்தக் குளத்தைத் தெரிந்தெடுத்தார்கள், ஏன் அதை விட்டார்கள்? ஏ9 வீதிக்குக் கிட்ட என்றா, சங்கத் தலைவர் கச்சேரிக்கு அலைந்து திரியக்கூடிய ஆள் என்றா? அப்படியென்றால் தொடக்கத்திலேயே அந்தக் கிராமம் கொஞ்சம் பலமானது, வித்தியாசம் முழுவதும் சீமெந்தால் வந்ததல்ல. கட்டம் கட்டமாகக் கொடுத்த திட்டங்கள் இன்னும் நல்லது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாகக் கொடுத்து உரிமையாளரே கட்டுகிற முறையில் 2012இல் இருந்து பல கட்டங்களாகச் செய்தார்கள். முதல் கட்டத்தில் கிடைத்தவரையும் அடுத்த கட்டத்தில் கிடைத்தவரையும் இடைப்பட்ட காலத்தில் ஒப்பிட்டிருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். அந்தக் காசு கூரை மட்டத்துக்கு வரும்போதே முடிந்து, தாலிக்கொடி அடகுக்குப் போன வீடுகள் எனக்குத் தெரியும். வீடு நிற்கிறதா என்று மட்டும் எண்ணினால் அந்த அடகு கணக்கில் வராது.

ஞாபகத்தைப் பற்றியும் ஒரு விசயம். 'ஐந்து வருசத்துக்கு முன் மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஒரு பெரிய தாளில் நிகழ்வுகளை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் வெள்ளம். 2020 கொரோனா. 2021 உரம் இல்லாத காலம். 2022 டீசல் வரிசை. அதோடு அந்த வீட்டுக்குச் சொந்தமான நிகழ்வுகள், மகள் ஓஎல் எழுதினது, மாடு விற்றது, மூத்தவன் கட்டார் போனது. "வெள்ளத்துக்கு அடுத்த போகம் எத்தனை மூடை வெட்டினீங்கள்?" என்றால் அம்மாமார் யோசித்துச் சரியாகச் சொல்லுவார்கள். சொன்னதும் மூடை எத்தனை கிலோ என்று கேட்காமல் எழும்பி வரக்கூடாது, இடத்துக்கு இடம் அது மாறும்.

கொள்கைகளை மதிப்பிடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதற்கு நான் வைக்கிற பயிற்சி அந்த 2021 உரத்தடைதான். பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டு அனுபவம் இருக்கும், யாரும் புத்தகம் பார்க்கத் தேவையில்லை. 2021 மே மாதம் வர்த்தமானி மூலம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள், சேதன விவசாயம் என்ற நல்ல பெயரில், நிலைபேறு என்ற சொல்லையே முன்னால் வைத்து. கார்த்திகையில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது, ஆனால் அதற்குள் 2021/22 காலபோகம் விதைத்தாயிற்று. இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள், 'இந்தக் கொள்கையால் விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று எப்படி நிரூபிப்பாய்?' திணறுவார்கள். நாடு முழுவதும் ஒரே நாளில் அடித்த ஒன்றுக்கு ஒப்பிட அடுத்த கிராமம் கிடையாது. அடுத்த வருசத்தோடு ஒப்பிடலாம் என்றால் 2022 சித்திரையில் நாடே கடன் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது, சிறுபோகத்துக்கு டீசல் இல்லை, உழவு இல்லை, உர விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. எது எதனால் வந்தது? இந்த இடத்தில் அவர்களை ஒரு மணித்தியாலம் விட்டுவிடுங்கள், உதவ வேண்டாம். கடைசியில் யாராவது ஒருத்தர், 'வீட்டில் பழைய யூரியா கொஞ்சம் பதுக்கி வைத்திருந்தவர்களையும் இல்லாதவர்களையும் பார்க்கலாம்' என்பார். இன்னொருவர், 'மொட்டைக்கறுப்பன் மாதிரிப் பழைய நெல் போடுகிற ஆட்களுக்கு எப்பவும் உரம் குறைவுதானே, அவர்களுக்கு என்ன நடந்தது?' என்று கேட்பார். அந்த இரண்டு கேள்விகளிலும் மதிப்பீட்டு முறையியலின் முக்கால்வாசி இருக்கிறது. பெயர்களைப் பிறகு சொல்லிக் கொடுக்கலாம்.

இரணைமடுத் தண்ணீரையும் ஒரு நாள் எடுங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு போக இருந்த திட்டத்தை இங்கத்தைய விவசாயிகள் எதிர்த்தார்கள், கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைத்து 2024 ஆவணியில் திறந்தார்கள். ஒன்பது பேரில் பாதியை யாழ்ப்பாணத்துக் கிணற்றில் நைத்திரேற்று ஏறியிருக்கிற வீட்டுக்காரராகவும், மீதியைச் சிறுபோகத்துக்குப் பங்கு கிடைக்காத விவசாயியாகவும் வைத்து, அதே திட்டத்தை இரண்டு பக்கமும் மதிப்பிடச் சொல்லுங்கள். பிறகு கடல்நீர்த் தீர்வையும் விடாதீர்கள். கடல்நீரில் இருந்து ஒரு கனமீற்றர் நன்னீர் எடுக்க ஏறத்தாழ மூன்று, நான்கு அலகு மின்சாரம் போகும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, நீர்க்கட்டணம் அதைத் தாங்குமா, வடித்த உப்புநீர் விடுகிற இடத்தில் மீன்பிடிக்கிறவர் என்ன சொல்கிறார்? யாருக்கு நிலைபேறு என்று கேட்காமல் நிலைபேறு என்ற சொல்லை எழுதக்கூடாது என்பதை அன்றைக்குப் பிள்ளைகள் தாங்களாகவே விளங்கிக்கொள்வார்கள்.

சூரியசக்திப் பம்பி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மண்ணெண்ணெய் எவ்வளவு மிச்சம் என்பதோடு நிறுத்தக்கூடாது. இறைக்கச் செலவில்லை என்றால் ஆட்கள் கூட இறைப்பார்கள், அது இயல்பு. ஆவணி, புரட்டாசியில் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து பார்த்தவர்கள்தான் அந்தத் திட்டத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

மரநடுகைக்குக் கொஞ்சம் கூட நேரம் வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கை அதிகம் ஏமாற்றுகிற இடம் அது. எங்களுக்கு ஐப்பசியில் இருந்து தை வரைதான் மழை. உலகச் சுற்றாடல் தினமோ ஆனி 5. சோளகக் காற்று அள்ளி வீசுகிற நேரத்தில், நிலம் வெடித்துக் கிடக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் கன்று நட்டுப் படம் எடுக்கிறார்கள். 'ஆயிரம் கன்று நடப்பட்டது' என்று அறிக்கை எழுதுவது நட்ட அன்றைக்கே. இரண்டு கோடை கழிந்து எத்தனை நிற்கிறது என்று எண்ணுவதுதான் மதிப்பீடு. கடலேரிக் கரைகளில் வளர்கிற கண்டல் மர நடுகையில் இதை இலங்கை ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். சுனாமிக்குப் பிறகு பெரும்பாலும் நட்ட 23 இடங்களுக்கு நேரே போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை, நட முயன்ற 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயர் அளவில்தான் கண்டல் நின்றது. நட்ட இடம் பிழை, இனம் பிழை, மாடு மேய்ந்தது, நட்டபின் யாரும் பார்க்கவில்லை, இப்படிக் காரணங்கள். அவர்கள் செய்த பெரிய காரியம் திரும்பிப் போய் எண்ணியதுதான். உங்கள் பிள்ளைகளுக்கும் அது முடியும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் எல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்தானே.

சனம் களைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், அது முழு உண்மை. எங்கள் ஆட்கள் எத்தனை பதிவுகள் கண்டிருப்பார்கள்! முகாமில் பதிவு, இறங்கின இடத்தில் பதிவு, கிராம சேவகர் (ஜீஎஸ்) பதிவு, சீருடையில் வந்தவர்கள் எடுத்த பதிவு, உதவிக்குப் பதிவு, இப்போது அரசின் அஸ்வெசும உதவிக்கொடுப்பனவுப் பதிவு. பேனையும் படிவமும் கண்டால் ஒரு பக்கம் பயம், மறுபக்கம் எதிர்பார்ப்பு. ஒரு தடவை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அம்மா வாசலில் கதிரை போட்டுத் தந்துவிட்டு, நான் கேட்க முன்னமே, "எழுதுறதை எழுது பிள்ளை. கேட்டுக்கொண்டு போறாக்கள் ஒருத்தரும் திரும்பி வாறேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணி குடிக்கிறியா என்று கேட்கிற குரலில் சொன்னார். எனக்கு அது இன்னும் காதில் நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு மூன்று கட்டாயங்கள் வையுங்கள். வாசலில் நின்றே, 'நாங்கள் உதவி தர வரவில்லை, இதைச் சொன்னதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, சொல்லாவிட்டால் ஒன்றும் குறையாது' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பிரதேச செயலகத்திலோ கமநல சேவை நிலையத்திலோ இருக்கிற தகவலை வீட்டில் கேட்கக்கூடாது. எழுதி முடித்ததும் அதே வாசலுக்குத் திரும்பிப் போய், கண்டதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இன்னும் ஒன்று, 'குடும்பத் தலைவர் எங்கே?' என்ற கேள்வியைப் படிவத்தில் இருந்தே வெட்டி எறியுங்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வி எந்த வீட்டில் எதைக் கிளறும் என்று யாருக்கும் தெரியாது. 'இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீங்கள்?' போதும்.

அலுவலகத்தில் தகவல் தரமாட்டார்கள் என்று பிள்ளைகள் சோர்ந்து வருவார்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 மாசியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வெளிநாட்டு அரசுகளிடமோ சர்வதேச அமைப்புகளிடமோ பெரும்பகுதி நிதி பெற்றுச் சனத்துக்குச் சேவை செய்கிற தொண்டு நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய தகவலில், இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. இது பலருக்குத் தெரியாது. முதல் கிழமையே ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பம் எழுதிப் போடட்டும், பயிற்சி முடிய முன் பதில் வந்துவிடும். ஒப்பந்தத்தில் என்ன கட்டுவதாக இருந்தது, எவ்வளவுக்கு, பராமரிப்பு யாருக்கு ஒப்படைத்தது என்ற மூன்றும் கையில் இருந்தால் கள வேலை பாதி முடிந்த மாதிரி.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. பணம் தருகிறவரின் திட்டத்தையே மதிப்பிடுவது. இதற்கு நான் செய்த ஒரு பிழையைத்தான் சொல்ல வேண்டும். சில வருசங்களுக்கு முன் வவுனியாப் பக்கம், சிறுநீரக நோய் கூடின ஒரு கிராமத்தில், நீர் சுத்திகரிக்கிற ஆர்ஓ நிலையம் ஒன்றைப் பார்க்கப் போனேன். அறை பூட்டிக் கிடந்தது. திறப்பு விழாவுக்குக் கட்டின நாடாவின் ஒரு துண்டு இன்னும் யன்னல் கம்பியில் இருந்தது, நிறம் வெளிறி. மாதர் சங்கச் செயலாளர் திறப்பை எடுத்து வந்து காட்டினார். வடிகட்டி மாற்றுகிற காலம் கடந்து ஆறு மாதம், புதியது வாங்கச் சங்கத்திடம் காசில்லை, லீற்றருக்கு வாங்கின காசு கரண்ட் பில்லுக்கே போனது என்று கணக்குக் கொப்பியை விரித்தார். ஒவ்வொரு வரியும் ஒழுங்காக எழுதியிருந்தது. நான் 'நிலையம் இயங்கவில்லை' என்று எழுதினேன். திட்டத்தைச் செய்த அமைப்பில் இருந்து, 'எதிர்காலத்தில் மேம்படுத்தக்கூடிய நிலையில் உள்ளது' என்று மாற்றித் தரும்படி கேட்டார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருசம் அந்த வழியால் போனபோது அதே பூட்டு, ஆட்கள் பவுசருக்குக் காத்துக்கொண்டு வாளிகளோடு வீதியில். இயங்கவில்லை என்ற ஒரு சொல் அறிக்கையில் இருந்திருந்தால் யாராவது வடிகட்டிக்கு வழி செய்திருப்பார்களோ என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஆகவே தொடங்க முன்னரே உடன்படிக்கையில் எழுதி வாங்குங்கள். வரைவைப் பார்த்து அமைப்பு சொல்கிற கருத்துகளை அறிக்கையின் பின்னால் அப்படியே சேர்ப்போம், தகவல் பிழை என்றால் திருத்துவோம், முடிவை மாற்ற மாட்டோம். தமிழ்ச் சுருக்கம் ஒன்று கிராமத்துக்குப் போகும். இந்த இரண்டு வசனத்துக்கும் சம்மதிக்காதவரின் திட்டத்தைப் பிள்ளைகளின் பயிற்சிக்கு எடுக்காதீர்கள், வேறு திட்டம் பாருங்கள். சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன், அவர்களுக்கும் உண்மை தேவைதான்.

எழுதப் பழக்குவதற்கு ஒரே ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் 'யார் கண்டது, எங்கே, எப்போது' என்று கேட்பேன். 'குளத்தின் நிலைபேறு திருப்திகரமாக உள்ளது' என்று ஒரு பிள்ளை எழுதினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'இடதுகரைத் துருசின் திருகு துருப்பிடித்து, இரண்டு பேர் சேர்ந்து திருப்பினாலும் அசையவில்லை. சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் கடைசியாகப் பணம் வைப்பிட்டு ஒன்றரை வருசம்' என்று எழுதி வந்தால், அந்த அறிக்கையை வாசிக்கிற பொறியியலாளருக்கும் விளங்கும், சங்கத் தலைவருக்கும் விளங்கும். முதலில் தமிழில் எழுதட்டும், பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டு போகலாம். நேரே ஆங்கிலத்தில் எழுதினால் தெரிந்த வசனங்களுக்குள் கண்டதை அடைத்துவிடுவார்கள்.

மூன்று மாதம் போதுமா என்று கேட்டால், ஒரு முழுப் போகம் பார்த்தால்தான் நல்லது, ஆனால் கிடைத்ததில் செய்யலாம். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. மண், நீர், கணக்கு இவற்றில் சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம், பிள்ளைகள் நேரே போய்க் கதைக்கட்டும். அதோடு இந்தப் பிள்ளைகளின் வயதைக் கணக்குப் பாருங்கள். 2009இல் அவர்களுக்கு எட்டு, பத்து வயது இருந்திருக்கும். கூரைத்தகட்டு வீட்டின் சூடு, பவுசருக்கு வரிசையில் நின்றது, உதவிப் பொதி பிரித்தது எல்லாம் அவர்களுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் இருந்து வருகிற எந்த நிபுணருக்கும் இல்லாத அறிவு அது. கதைக்க விரும்புகிறவர் கதைக்கட்டும், விரும்பாதவரைக் கேட்காதீர்கள். ஆனால் அந்த ஞாபகத்தை ஆய்வுக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பங்குனி முடிவிலோ சித்திரையிலோ சிறுபோகக் கூட்டம் வைப்பார்கள், குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, இத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எத்தனை பங்கு என்று. திகதியைக் கமநல சேவை நிலையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் இருத்துங்கள். யார் எழும்பிக் கதைக்கிறார், யார் கதைக்காமல் எழும்பிப் போகிறார் என்று பார்க்கட்டும், அன்றைக்குக் கொப்பி தேவையில்லை. அந்தக் கதைக்காமல் போனவர்களின் வீட்டுக்கு அடுத்த நாள் காலமை போகச் சொல்லுங்கள். அவர்கள் எழுதுகிற முதல் பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், வாசித்துப் பதில் எழுதுகிறேன்.